பெரிய வேலை ஏடிவி பல ஆண்டுகள் உழைக்க: முழுமையான பராமரிப்பு வழிகாட்டி

300 முதல் 400 கிலோ எடை, 500 முதல் 1000 சிசி வரை இன்ஜின், நான்கு சக்கரங்களுக்கும் விசை, முன்னும் பின்னும் சுமை ஏற்றும் கேரியர், பின்னால் டிரெய்லர் மாட்டும் கொக்கி. வேலைக்கென்றே செய்யப்பட்ட பெரிய ஏடிவியை, அதாவது சாலை இல்லாத தரையிலும் ஓடும் நான்கு சக்கர வண்டியைப் பார்க்கிறவர்களுக்கு, இது எதையும் தாங்கும் என்ற எண்ணம்தான் முதலில் வரும். இரும்பைப் பொறுத்தவரை அந்த எண்ணம் சரியே. கியர் பல் தெறித்தோ கிராங்க் ஷாஃப்ட் முறிந்தோ நின்றுபோகும் வண்டிகள் அரிது. பட்டறைக்கு இழுத்து வரப்படும் வண்டிகளைத் திறந்து பார்த்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: போகக்கூடாத இடத்துக்குத் தண்ணீர் போயிருக்கும், அல்லது தூசி போயிருக்கும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டையும் தடுப்பது பற்றியதுதான்.

எந்த நிறுவனத்தின் வண்டி நம்பகமானது என்ற கேள்விக்கு முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நல்ல பெயர் எடுத்த எல்லா நிறுவனங்களின் வண்டிகளும் பராமரித்தால் உழைக்கின்றன. வேறுபாடு இருப்பது அமைப்பில். 1986-ல் ஹோண்டா தன் 350 சிசி நான்கு சக்கர விசை வண்டியைக் கொண்டுவந்தபோது பின்னால் ஒரே திடமான ஆக்சில்தான் இருந்தது. 1996-ல் வந்த போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 500 பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்தது. சவாரி மிகவும் மேம்பட்டது. கூடவே ஆக்சில்களும் மூட்டுகளும் ரப்பர் உறைகளும் பெருகின. நான்கு சக்கரங்களுக்கும் தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் நான்கு ஆக்சில், எட்டு சிவி ஜாயின்ட் (ஆக்சில் மடங்கினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு), எட்டு ரப்பர் பூட் (அந்த மூட்டை மூடும் உறை). ஒவ்வொன்றும் கிழியக்கூடியது. அதேபோல் பெல்ட் வைத்த தானியங்கி வண்டிக்கும் கியர் மட்டுமே உள்ள வண்டிக்கும் கவனிப்பு வேறு. உங்கள் வண்டியின் கவனிப்பு நேரத்தை எதற்குச் செலவிட வேண்டும் என்பதை அதன் அமைப்புதான் தீர்மானிக்கிறது, மேலே ஒட்டியிருக்கும் பெயர் அல்ல.

கிலோமீட்டரை மறந்து மணிக்கணக்கைப் பாருங்கள்

கார் வைத்திருப்பவர்களின் பழக்கம் இங்கே உதவாது. சுமையோடு, முதல் கியரில், சேற்றில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் உழைக்கும் வண்டி 1000 கிலோமீட்டர் ஓடியிருந்தால், அதன் இன்ஜின் 100 மணி நேரம் வேலை செய்திருக்கிறது. அந்த நேரம் முழுவதும் எதிர்க்காற்று இல்லை, வெப்பம் அதிகம், சுற்றிலும் தூசி. கிலோமீட்டர் எண் சின்னதாக இருக்கிறதே என்று ஆயிலை மாற்றாமல் விடுவது இப்படித்தான் நடக்கிறது.

டேஷ்போர்டில் மணி மீட்டர் இருக்கும். இல்லையென்றால் ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றிக் கட்டும் சிறிய மீட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். புதிய வண்டிக்கு முதல் சர்வீஸ் பொதுவாக 20 முதல் 25 மணி நேரத்துக்குள் வரும். புதிய உதிரிகள் ஒன்றோடொன்று உராய்ந்து பழகும்போது உதிரும் உலோகத் துகள்கள் அந்த முதல் ஆயிலில்தான் மிதக்கின்றன. அதைத் தள்ளிப்போடவே கூடாது. அதன்பிறகு 100 மணி நேரம் அல்லது ஆறு மாதம் என்று பல கையேடுகள் சொல்லும். அதே பக்கத்தில் கடினமான பயன்பாட்டுக்கு இடைவெளியைப் பாதியாகக் குறைக்கவும் சொல்லியிருப்பார்கள். சேறு, தூசி, தண்ணீர், கனமான சுமை, குளிரில் அடிக்கடி குறுகிய ஓட்டம் எல்லாமே கடினமான பயன்பாடுதான். வேலைக்கு ஓடும் ஏடிவி ஏறக்குறைய எப்போதும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆகவே 50 மணி நேரத்தை உங்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, மணி மீட்டர் எண், செய்த வேலை, பார்த்த குறை, இவ்வளவு போதும். முன் டிஃபரென்ஷியல் (இடது வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினோம் என்பது யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

வேலை தொடங்கும் முன்

சமதளத்தில் நிறுத்துங்கள், பார்க்கிங் பிரேக்கைப் போடுங்கள், சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் வையுங்கள். வண்டியைத் தூக்கினால் அடியில் ஸ்டாண்ட் கொடுக்காமல் கையை நுழைக்காதீர்கள். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. அலுமினிய உறைகளில் உள்ள போல்ட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கி மரையை அழித்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதனால் டார்க் ரெஞ்ச் ஒன்று அவசியம். கிரீஸ் கன், மல்டிமீட்டர், குறைந்த அழுத்தம் காட்டும் டயர் கேஜ், வெர்னியர், உங்கள் மாடலுக்கான சர்வீஸ் கையேடு ஆகியவையும் கையில் இருக்கட்டும். இணையத்தில் வேறு மாடலுக்குச் சொன்ன அளவை உங்கள் வண்டிக்குப் போடாதீர்கள்.

ஏர் ஃபில்டர்: இன்ஜினின் ஆயுள் இங்கேதான்

ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஃபில்டரைத் தாண்டி உள்ளே போகும் மண் துகள் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் அரைக்கிறது. முதலில் எதுவும் தெரியாது. பிறகு ஆயில் குறையத் தொடங்கும், சைலன்சரில் நீலப் புகை வரும், ஏற்றத்தில் இழுவை குறையும். அந்த நிலைக்கு வந்தபின் இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும்.

ஏர் பாக்ஸ் மூடியைத் திறக்கும் முன் அதைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். திறந்ததும் ஃபில்டரை உடனே வெளியே எடுக்காமல், அது உட்கார்ந்திருக்கும் விளிம்பைப் பாருங்கள். தூசி ஒரே சீராகப் படிந்திருந்தால் நல்லது. விளிம்பின் ஓரிடத்தில் மட்டும் மெல்லிய கோடாக மண் உள்பக்கம் ஓடியிருந்தால் அந்த இடத்தில் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை என்று பொருள். இப்போது ஃபில்டரை எடுத்துவிட்டு, இன்ஜின் பக்கம் போகும் குழாய்க்குள் சுத்தமான விரலை விட்டுத் தடவுங்கள். விரலில் ஆயில் மட்டும் ஒட்டினால் கவலை இல்லை. நறநறவென்று மண் தட்டினால் அந்தக் கசிவைக் கண்டுபிடிக்காமல் வண்டியை இயக்காதீர்கள். கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், குழாய் வெடித்திருக்கலாம், ஃபில்டர் பழசாகிச் சுருங்கியிருக்கலாம்.

ஃபோம் ஃபில்டரை அதற்கென விற்கும் கிளீனரில் அல்லது சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். பிழியலாம், முறுக்கக் கூடாது. முறுக்கினால் ஒட்டுப் போட்ட ஓரம் கிழியும். பெட்ரோலில் கழுவுவது ஃபோமையும் ஒட்டையும் கெடுக்கும், தீ ஆபத்தும் உண்டு. முழுக்கக் காய்ந்தபின் ஃபோம் ஃபில்டர் ஆயிலை ஊற்றி, நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரும்வரை பிசைந்து, மிச்சத்தைப் பிழிந்துவிடுங்கள். ஆயில் போடாத ஃபோம் மெல்லிய தூசியைப் பிடிக்காது. விளிம்பில் மெல்லிய கிரீஸ் பூச்சு கொடுத்துப் பொருத்துங்கள். காகித ஃபில்டர் உள்ள வண்டியில் கழுவும் வேலையே இல்லை, மாற்றுவதுதான் வழி. கம்ப்ரஸர் காற்றை அதன் மேல் வேகமாக அடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும்.

ஏர் பாக்ஸின் அடியில் ஒரு சிறிய வடிகால் குழாய் தொங்கும். அதைப் பிதுக்கிப் பாருங்கள். தண்ணீர் வந்தால் ஏர் பாக்ஸ் வரை தண்ணீர் ஏறியிருக்கிறது. ஆயில் வந்தால் இன்ஜினில் ஆயில் அளவுக்கு மீறி ஊற்றப்பட்டிருக்கலாம், அல்லது ரிங் தேய்ந்திருக்கலாம்.

ஆயில்கள், பிரீதர் குழாய்கள்

இன்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து, ஆயிலை வடியுங்கள். சூடான ஆயில் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வரும். வடிந்த ஆயிலை அப்படியே கொட்டிவிடாமல் வெளிச்சத்தில் பாருங்கள். கருமை இயல்பு. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் மாவுபோல் சாம்பல் நிறப் பசை இருப்பது தேய்மானத்தின் இயல்பு. நகக்கண் அளவுச் சில்லுகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. வாஷரைப் புதிதாக மாற்றி, ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, கையாலேயே இறுக்குங்கள்.

எந்த ஆயில் என்பதில் ஒரு முக்கியமான விஷயம். ஆயிலுக்குள்ளேயே மூழ்கி வேலை செய்யும் கிளட்ச் உள்ள வண்டிகளுக்கு ஜாசோ எம்ஏ என்ற ஜப்பானிய மோட்டார் சைக்கிள் ஆயில் தரம் உள்ள ஆயில்தான் சரி. உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கொண்ட கார் ஆயிலை ஊற்றினால் அந்தக் கிளட்ச் வழுக்கும். அளவு பார்க்கும் முறையும் மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் அளவுகோலைத் திருகி இறுக்கிப் பார்க்க வேண்டும், சிலவற்றில் திருகாமல் வைத்துப் பார்க்க வேண்டும். கையேட்டில் ஒரு வரிதான் இருக்கும், அதைப் படியுங்கள். குளிர்காலத்தில் ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்து, மறுபடி ஓட்டி அணைத்து வருகிறவர்கள் ஆயில் அளவு கூடுகிறதா என்று பாருங்கள். இன்ஜின் முழுச் சூட்டை எட்டாததால் எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்கிறது. பெட்ரோல் வாசனை அடித்தால் மணிக்கணக்கு வரும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

இன்ஜின் ஆயிலை மாற்றுகிறவர்கள்கூட கியர் பாக்ஸ், முன் டிஃபரென்ஷியல், பின் டிஃபரென்ஷியல் ஆகியவற்றை மறந்துவிடுகிறார்கள். இவை கால் லிட்டர் முதல் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் வரை மட்டுமே ஆயில் கொள்ளும் சிறிய பெட்டிகள். கொஞ்சம் தண்ணீர் போனாலே பேரிங்குகள் துருப்பிடித்துவிடும். முன் டிஃபரென்ஷியலுக்கு நிறுவனம் சொன்ன திரவத்தையே ஊற்றுங்கள். போலாரிஸ் வண்டிகளின் முன் அமைப்பில் காந்தச் சுருளும் உருளைகளும் சேர்ந்து விசையைப் பிடித்து விடுகின்றன. தவறான ஆயில் ஊற்றினால் அந்த உருளைகள் பிடிக்காமல் வழுக்கும். சேற்றில் சிக்கிய பிறகுதான் அது தெரியவரும்.

தண்ணீர் இந்தப் பெட்டிகளுக்குள் எப்படிப் போகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பராமரிப்பு முடிந்தது. ஓடிச் சூடான டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் காற்று விரிந்திருக்கும். அப்படியே குளிர்ந்த ஓடையில் இறக்கினால் அந்தக் காற்று சட்டெனச் சுருங்கும். சுருங்கும்போது வெளியிலிருந்து காற்றை இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு மெல்லிய பிரீதர் குழாய் மேலே, ஹேண்டில் பக்கமோ சீட்டுக்கு அடியிலோ, ஓடுகிறது. அந்தக் குழாய் மண் அடைத்தோ, மடங்கியோ, குளவி கூடு கட்டியோ மூடியிருந்தால் பெட்டி ஆயில் சீலின் ஓரமாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சீல் புதிதாக இருந்தாலும் இது நடக்கும். ஆகவே ஒவ்வொரு சர்வீஸிலும் பிரீதர் குழாய்களின் மேல்முனையைத் தேடிக் கண்டுபிடியுங்கள். கீழ்முனையைப் பெட்டியிலிருந்து கழற்றி, மெல்ல ஊதிப் பாருங்கள். காற்று தடையில்லாமல் போக வேண்டும். சீல் மாற்றிய சில வாரங்களில் மறுபடி ஆயில் வெளுத்தால் இந்தக் குழாயைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

பெல்ட்டும் கிளட்சும்

பெரும்பாலான பெரிய ஏடிவிகளில் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைப்பது ஒரு அகலமான ரப்பர் பெல்ட். இரு பக்கமும் உள்ள கூம்பு வடிவத் தட்டுகள் நெருங்கியும் விலகியும் பெல்ட் ஓடும் வட்டத்தை மாற்றுகின்றன. பெல்ட் பிடித்து இழுப்பது வெறும் உராய்வால் மட்டுமே. தண்ணீர், ஆயில், கிரீஸ் எது பட்டாலும் வழுக்கும். வழுக்கினால் சூடாகும். சூடான பெல்ட் விரைவில் செத்துவிடும்.

பெல்ட்டை எரிப்பது பெரும்பாலும் ஓட்டும் முறைதான். டிரெய்லர் இழுக்கும்போது, ஏற்றத்தில், சேற்றில், பாறைகளுக்கு நடுவில், சுமார் 15 கிலோமீட்டர் வேகத்துக்குள் வேலை செய்யும்போது லோ கியரில் வையுங்கள். ஹை கியரில் மெதுவாக நகர்த்தினால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் பெல்ட்டின் ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே இருக்கும். போலாரிஸ் போன்ற அமைப்புகளில் ஐடிலில் பெல்ட் தளர்ந்தே நிற்கிறது. ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதுதான் தட்டு நெருங்கிப் பிடிக்கிறது. யமஹாவின் கிரிஸ்லி வகை வண்டிகளில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும், பிடித்து விடும் வேலையை ஆயிலில் மூழ்கிய தனிக் கிளட்ச் செய்கிறது. இரண்டாவது அமைப்பில் பெல்ட் நீண்ட காலம் உழைப்பதை அதைத் திறந்து பார்த்தவர்கள் அறிவார்கள். ஆனாலும் லோ கியர் விதி இரண்டுக்கும் பொருந்தும்.

சோதிக்கும் முறை இது. கவரைத் திறக்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளின் நீளம் இடத்துக்கு இடம் மாறலாம். கவரைக் கழற்றியதும் உள்ளே பாருங்கள். கறுப்புத் தூள் கொஞ்சம் இருப்பது இயல்பு. ரப்பர் உருண்டைகளும் நூல் இழைகளும் கிடந்தால் பெல்ட் முடியும் தறுவாயில் இருக்கிறது. உள்ளே ஈரமோ சேற்றுக் கறையோ இருந்தால் கவரின் ரப்பர் சீலையும் காற்றுக் குழாயின் இணைப்புகளையும் தேடிப் பாருங்கள்.

அடுத்து, பெல்ட்டின் இரு பக்கவாட்டையும் விரலால் தடவிக்கொண்டே ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். கண்ணாடிபோல் பளபளத்தால் அது வழுக்கிச் சூடேறியிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் இடுப்புச் சிறுத்ததுபோல் அகலம் குறைந்திருந்தால், வண்டி சிக்கி நின்றபோது ஆக்சிலேட்டரைத் திருகியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த இடம் தட்டில் வரும்போதெல்லாம் வண்டி துடிக்கும். அத்தகைய பெல்ட்டைச் சரிசெய்ய முடியாது. பற்களுக்கு இடையில் வெடிப்பு இருக்கிறதா என்று மடக்கிப் பாருங்கள். கடைசியாக வெர்னியரால் மூன்று நான்கு இடங்களில் அகலத்தை அளந்து, கையேடு சொல்லும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள்.

தட்டுகளைச் சுத்தமான துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடையுங்கள். பெல்ட் உரசும் முகத்தில் கிரீஸோ ஆயிலோ ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. புதிய பெல்ட்டைக் கை படாத அளவுக்குச் சுத்தமாக வைத்து, அம்புக்குறி இருந்தால் சுழலும் திசையைக் காட்டும்படி மாட்டுங்கள். குறைந்தது முதல் 50 கிலோமீட்டர் வரை சுமை இழுக்காமல், ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகாமல் ஓட்டி அதைப் பழக்க வேண்டும். பழைய பெல்ட் நன்றாக இருந்தால் எறியாமல் வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கூடவே அதைக் கழற்றும் கருவியையும்.

ஓட்டும்போது பெல்ட் அறைக்குள் தண்ணீர் புகுந்தால் உடனே தெரியும்: இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி நகராது. விடாப்பிடியாகத் திருகாதீர்கள். தண்ணீரை விட்டு வெளியே வந்து, கவரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து வடியுங்கள். பிறகு நியூட்ரலில் வைத்துச் சில முறை இன்ஜினை உயர்த்தி இறக்கினால் தட்டுகளின் சுழற்சியே மிச்ச நீரை வீசிவிடும். பிறகு லோ கியரில் மெல்ல நகர்த்திப் பெல்ட் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

ரேடியேட்டர்

சேற்று வண்டியின் ரேடியேட்டர் முன்புறமாக, சேறு அடிக்கும் இடத்திலேயே இருக்கிறது. வெளியிலிருந்து சுத்தமாகத் தெரிந்தாலும் துடுப்புகளுக்கு இடையில் காய்ந்த மண் அடைத்திருக்கும். ஃபேன் பக்கத்திலிருந்து முன்புறமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கரையுங்கள். முன்னாலிருந்து அடித்தால் மண் இன்னும் உள்ளே போய் அடைக்கும். அழுத்தம் கூடினால் துடுப்பு மடங்கும். இன்ஜின் சூடேறியதும் ஃபேன் தானாக ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். கூலன்ட்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான இடைவெளி. நேரடியாகக் கலவையாக விற்கப்படாததாக இருந்தால் காய்ச்சி வடித்த நீருடன் பாதிக்குப் பாதி. சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

மூட்டுகள், பேரிங்குகள், பூட்கள்

சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இன்னொருவரைச் சக்கரத்தை ஆட்டச் சொல்லிவிட்டுப் பால் ஜாயின்ட்டின் மேல் விரலை வைத்தால் எது என்று தெரிந்துவிடும். பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். முன்சக்கரத்தில் இப்படி மட்டும் ஆடினால் டை ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) முனையைப் பாருங்கள். சக்கரத்தைச் சுழற்றும்போது கரகரப்பு கேட்டாலும் கையில் உணர்ந்தாலும் பேரிங்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பூட்களைப் பார்ப்பது கொஞ்சம் அழுக்கான வேலை, ஆனால் பெரிய செலவைத் தடுப்பது. ஹேண்டிலை முழுக்க ஒரு பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொரு மடிப்பையும் விரித்துப் பாருங்கள். வெடிப்பு மடிப்பின் பள்ளத்தில்தான் தொடங்கும். சக்கரத்தின் உட்புறத்தில் கறுப்புக் கிரீஸ் சிதறியிருந்தால் பூட் ஏற்கெனவே கிழிந்துவிட்டது. அன்றைக்கே மாற்றினால் ஜாயின்ட்டைக் கழுவிப் புதுக் கிரீஸ் வைத்துப் பிழைக்க வைக்கலாம். திரும்பும்போது 'டக் டக்' என்று சத்தம் வரும்வரை விட்டால் முழு ஆக்சிலையே மாற்ற வேண்டியிருக்கும்.

கிரீஸ் நிப்பிள் உள்ள வண்டியில் சக்கரத்தைத் தாங்கும் ஏ-ஆர்ம் கைகளின் புஷ்களுக்கும் ஷாஃப்ட் மூட்டுகளுக்கும் 50 மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரில் இறங்கி வந்த பிறகும் கிரீஸ் அடியுங்கள். பழைய கிரீஸ் தண்ணீரோடு வெளியே தள்ளப்பட்டு, புதியது எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும்.

பிரேக்கும் டயரும்

பேடின் உராய்வுப் பகுதி 1 மில்லிமீட்டருக்கு வந்தால் முடிந்தது என்று பல கையேடுகள் சொல்கின்றன. சேற்றில் அந்தக் கடைசி மில்லிமீட்டர் வேகமாகக் கரையும் என்பதால் 2-ல் மாற்றச் சொல்வேன். காலிப்பரின் வழுக்கும் பின்களைச் சுத்தம் செய்யாமல் பேடை மட்டும் மாற்றினால் ஒரு பக்கம் மட்டுமே தேயும். பிரேக் திரவத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

டயர் அழுத்தம் பெரும்பாலும் 5 முதல் 7 பிஎஸ்ஐ-க்குள். கார் கேஜ் இந்த அளவைச் சரியாகக் காட்டாது. நான்கு சக்கர விசையில் முன்பின் டயர்களின் சுற்றளவு விகிதம் முக்கியம். முன் ஜோடியை மட்டும் வேறு அளவில் மாற்றினால் கெட்டியான தரையில் இரு டிஃபரென்ஷியல்களும் ஒன்றையொன்று இழுக்கும். நிறுவனம் தந்ததைவிடப் பெரிய, கனமான டயர் போடுவது வண்டியை உயர்த்திக் காட்டும். ஆனால் பெல்ட், ஆக்சில், பேரிங் எல்லாவற்றின் ஆயுளையும் அது குறைக்கிறது. வேலை வண்டிக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. சுமையையும் பார்த்து ஏற்றுங்கள்: பல வண்டிகளில் முன் கேரியருக்கு 45 கிலோவும் பின்னால் 90 கிலோவும்தான் எல்லை.

மின்சாரம்

காரணம் புரியாத எச்சரிக்கை விளக்குகள், பவர் ஸ்டீயரிங் திடீரென வேலை செய்யாமல் போவது, நான்கு சக்கர விசை இணையாதது, இவற்றுக்கெல்லாம் பட்டறைக்குப் போகும் முன் பேட்டரியை அளந்து பாருங்கள். சில மணி நேரம் ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது அல்லது இணைப்பு கெட்டிருக்கிறது. இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். அளவு சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால் சேசிஸில் எர்த் வயர் பிடிக்கும் இடத்தைக் கழற்றி, துருவைத் தேய்த்து இறுக்குங்கள். கனெக்டர்களைக் கழற்றிப் பார்க்கும்போது பச்சைத் துரு இருந்தால் சுத்தம் செய்து, மின்கனெக்டர்களுக்கான சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். வின்ச் (கயிற்றைச் சுருட்டி இழுக்கும் மின்மோட்டார்) அடிக்கடி பயன்படுத்துகிறவர்கள் இன்ஜினை ஓடவிட்டே பயன்படுத்த வேண்டும்.

வால்வு கிளியரன்ஸ்

முன்பு சட்டெனக் கிளம்பிய வண்டி இப்போது குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கிறது, சூடானபின் நன்றாக ஓடுகிறது என்றால் பேட்டரி, பிளக்கோடு வால்வு இடைவெளியையும் சந்தேகியுங்கள். வால்வு தன் இருக்கையில் மெல்லப் பதியும்போது இடைவெளி குறைகிறது. முழுதாக மூடாத வால்வு அமுக்கத்தைக் கசியவிடுகிறது. இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் அமுக்கத்தின் உச்சியில் இருக்கும்படி வைத்து, ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். டாப்பட் சத்தம் கேட்கவில்லையே என்று திருப்தி அடையாதீர்கள். சத்தம் போடும் வால்வு தளர்ந்தது. சத்தம் போடாமல் எரிந்துபோவது இறுகியதுதான்.

இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டால்

ஆழத்தில் வண்டி அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீரை அமுக்க முடியாது; சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட்டரை அழுத்தினால் கனெக்டிங் ராட் வளையும். வண்டியை வெளியே இழுத்து, ஏர் பாக்ஸை வடித்து, ஃபில்டரைக் கழற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிளக் வயரை ஓரமாக ஒதுக்கி வைத்து, ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் சுற்றினால் பிளக் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி வரும். வருவது நின்றபின் ஆயிலைப் பாருங்கள். வெளுத்திருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, மறுபடி மாற்றுங்கள். ஆயில் தெளிவாக வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டு மூன்று முறை பிடிக்கும். அன்றைக்கே செய்வதுதான் முக்கியம். ஓர் இரவு விட்டால் பேரிங் முகங்களில் துரு பிடிக்கத் தொடங்கும். டிஃபரென்ஷியல், கியர் பாக்ஸ் ஆயில்களையும் அதே நாளில் திறந்து பாருங்கள்.

கழுவுவது

உயர் அழுத்தப் பம்பை வீல் பேரிங் சீல், பூட், ரேடியேட்டர், கனெக்டர், பெல்ட் அறையின் காற்று நுழைவாய் இவற்றின் மேல் நேராக அடிக்காதீர்கள். ஓடையில் புகாத தண்ணீரைப் பம்பு புகுத்திவிடும். சேற்றை முதலில் சாதாரணத் தண்ணீரில் ஊறவிட்டால் அழுத்தமே தேவைப்படாது. சைலன்சரைச் சுற்றியும் இன்ஜின் அடித்தகட்டிலும் காய்ந்த புல் சேர்ந்திருந்தால் கையாலேயே எடுத்துவிடுங்கள். சூடான சைலன்சரில் அது தீப்பிடிக்கும். வயலில் வேலை செய்யும் நாட்களில் இதைத் தினமும் பார்க்க வேண்டும். கழுவி முடித்ததும் பத்து நிமிடம் ஓட்டி, பிரேக்கைச் சில முறை பிடித்து உலர்த்தி, பிறகு கிரீஸ் அடியுங்கள்.

பல வாரம் நிறுத்தி வைக்கும்போது

டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவத்தைச் சேர்த்து, அது இன்ஜின் வரை போகும்படி சில நிமிடம் ஓடவிடுங்கள். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். ஆயிலை நிறுத்தும் முன்னரே மாற்றுங்கள். பழைய ஆயிலில் உள்ள அமிலமும் ஈரமும் மாதக்கணக்கில் பேரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கக் கூடாது. பேட்டரியை ஏஜிஎம் (அமிலம் கண்ணாடியிழைப் பாயில் ஊறியிருக்கும் மூடிய பேட்டரி) வகைக்குப் பொருந்தும் பராமரிப்புச் சார்ஜரில் போட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். அது ஆயிலில் ஈரத்தைச் சேர்க்கிறதே தவிர பேட்டரியை நிரப்புவதில்லை. சைலன்சர் வாயையும் ஏர் பாக்ஸ் நுழைவாயையும் எலி நுழையாதபடி மூடி, மூடியிருப்பதை எழுதி ஹேண்டிலில் கட்டிவிடுங்கள்.

திரும்ப எடுக்கும் நாளில் அந்த மூடிகளை முதலில் எடுத்துவிட்டு, ஏர் பாக்ஸுக்குள்ளும் சீட்டுக்கு அடியிலும் எலிக்கூடு இருக்கிறதா, வயர் கடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆயில், கூலன்ட், பிரேக் திரவ அளவுகளைப் பார்த்து, டயருக்குக் காற்று பிடித்து, சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் ஒரு கிலோமீட்டர் சுமையில்லாமல் ஓட்டி, நிறுத்தி, அடியில் சொட்டு விழுகிறதா என்று குனிந்து பார்த்தபிறகு டிரெய்லரை மாட்டலாம்.